நாற்பத்தெட்டு டன்

என் வேலை தண்ணீரை எடைபோடுவது.
சிரிக்காதீர்கள். ரீகா துறைமுகத்தில்
இதற்குச் சம்பளம் தருகிறார்கள்.

கப்பலைத் தராசில் தூக்கி வைக்க முடியாது.
எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது என்று பார்த்து,
எந்தத் தண்ணீரில் அமிழ்ந்திருக்கிறது என்று கேட்டு,
வயிற்றுக்குள் எவ்வளவு கோதுமை என்று சொல்லவேண்டும்.
முதல் கேள்விக்குப் பக்கவாட்டில்
வெள்ளை வர்ணத்தில் எண்கள் உண்டு.
இரண்டாவதற்கு நான்.

ஏப்ரல் மாதம்.
தௌகவா ஆறு மேற்கே எங்கோ போக அவசரப்பட்டு
உடைந்த பனியைச் சில்லுச் சில்லாகத் தள்ளிவந்தது.
நோதார், கப்பலின் முதல் அதிகாரி, பத்தூமிக்காரர்,
எனக்காக முன்கூட்டியே ஒரு வாளி இறைத்து வைத்திருந்தார்.
வாளியில் லேசாக ஆவி.

எங்கே எடுத்தீர்கள்?
கைகாட்டினார்:
இயந்திரத்தைக் குளிரவைத்த நீர் கொப்பளித்து விழும்
ஓட்டைக்கு நேர் கீழே.
சூடுபட்ட நீர் விரிந்து இளைத்த நீர்.
அதை நம்பினால் ஏற்றிய கோதுமை காகிதத்தில் குறையும்,
குறைந்ததற்கு அவர் பதில் சொல்லவேண்டியதில்லை.
வாளியைக் கவிழ்த்தேன்.
அவர் காலணிக்குள்ளும் கொஞ்சம் போயிற்று.

பிறகு என் பித்தளைப் புட்டியைக் கயிற்றில் இறக்கினேன்.
கண்ணாடி மிதவை அதற்குள் குதித்துக் குதித்து நின்றது;
தண்ணீர் அதன் கழுத்தில் பொய்யாகக் கொஞ்சம் ஏறும்,
ஏறியதைப் பார்க்காமல் மட்டத்தைப் பார்க்கவேண்டும்,
கண்ணைக் கீழே இறக்கி, மூச்சை அடக்கி.
மேல்நீர் ஆயிரம். பனி உருகிய சுத்த ஆறு.
நடுவில் ஆயிரத்து இரண்டு.
எட்டு மீட்டரில் ஆயிரத்து நான்கு.
ஆறு வெளியே போகும்போதே
அதன் வயிற்றுக்கு அடியில் வளைகுடா
உப்போடு ஊர்ந்து உள்ளே வந்துகொண்டிருந்தது.

விற்றவனின் ஆள் குன்டிஸுக்கு
அடிநீர் மட்டும் போதும்: நாற்பத்தெட்டு டன் கூட.
நோதாருக்கு மேல்நீர்: நாற்பத்தெட்டு டன் குறைவு.
என் கை இடுக்கில் அரைப் புட்டித் தண்ணீர்.
இருவரும் அதைப் பார்த்த பார்வையை
என்னை யாரும் பார்த்ததில்லை.

பொய். ஒருவன் பார்த்தான், ஒரு ஜனவரியில்.
உறைந்த ஏரியில் துளையிட்டு
மீனுக்காக நாள் முழுக்க உட்காருவான் ஐவர்ஸ்.
நான் வெப்பமானியைத் தூண்டிலில் கட்டி இறக்கினேன்.
பனிக்கு அடுத்து பூஜ்யம்,
போகப்போக ஒன்று, இரண்டு,
தரையில் நான்கு.
நான்கில்தான் தண்ணீர் மிகக் கனம்.
அதற்கும் கீழே குளிர்ந்தால் மறுபடி இளைத்து
மேலே வந்து மிதந்து உறைகிறது.
அதனால்தான் மீன் சாவதில்லை என்றேன்.
அவன் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை.
நான்கு வருடம் சேர்ந்திருந்தோம்.
அவனிடமும் சூடு அடியில்தான் இருந்திருக்கும்,
என் கயிறு எட்டவில்லை.

ஆயிரத்து இரண்டு என்று எழுதினேன்.
குன்டிஸ் கையெழுத்திட்டான், பேனா கிழிய.
நோதார் ஈரக் காலை மாற்றி மாற்றி நின்று
கையெழுத்திட்டார்.

ஆறாம் நாள் ஒரு படம் அனுப்பினார்.
டென்மார்க்கின் வட முனை, ஸ்காகெனுக்கு வெளியே நங்கூரம்.
கப்பலின் பக்கவாட்டில் புதிதாக வெளிவந்த
ஈரமான சிவப்புப் பட்டை.
ஒரு சாணுக்கு இரண்டு விரல் குறைவு.
எரித்த எண்ணெயைக் கழித்தே சொல்கிறேன், என்று எழுதியிருந்தார்,
ஒரு மணி கோதுமைகூட இறக்கவில்லை,
ஆனாலும் எழுந்து நிற்கிறோம்.

உப்பு, என்று அடித்தேன். அழித்தேன்.
அது அவருக்குத் தெரியும்.

காலணி காய்ந்ததா? என்று கேட்டேன்.